நோசிசெப்டர்: வலியுணரியா, ஊறுணரியா?

தோல், தசை, மூட்டு, உள்ளுறுப்பு ஆகியவற்றில் முனை பரப்பி, உடலுக்குக் கேடு செய்யக்கூடிய சூட்டையும் அழுத்தத்தையும் வேதிப்பொருளையும் கண்டுகொள்ளும் நரம்பணுவே நோசிசெப்டர். ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் செரிங்டன் 1906இல் வெளியிட்ட நூலின் வழியே பரவிய இச்சொல், 'தீங்கு செய்தல்' என்று பொருள்படும் நோசெரே என்ற இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்தது. வலி என்ற பொருள் அதில் எங்கும் இல்லை.

ஆகவே தமிழில் இதை வலியேற்பி, வலியுணரி என்று எழுதுவது பொருந்தாது. வலி மூளையில் உருவாகும் உணர்வு. முழு மயக்கத்தில் இருப்பவரின் தோலைக் கீறும்போதும் இந்நரம்பணுக்கள் குறிப்பலைகளை அனுப்புகின்றன, அவருக்கோ வலிப்பதில்லை. ஊறுணரி என்பதே என் தேர்வு. 'சுவைஒளி ஊறுஓசை' என்னும் குறளில் ஊறு தொடுபுலனைக் குறிக்கிறது. 'ஊறுபாடு இல்லை உயிர்க்கு' என்னுமிடத்தில் அதுவே துன்பமாகிறது. தீங்குணரி என்றாலும் பிழையில்லை, ஆனால் தொடுகையையும் கேட்டையும் ஒருங்கே சுட்டும் வாய்ப்பு அதற்கு இல்லை.

ஊறுணரியின் வேலை அதன் சவ்வில் பதிந்துள்ள அயனிக் கால்வாய்களில், அதாவது மின்னேற்றமுள்ள அணுக்களை உள்ளே விடும் புரதத் துளைகளில், தொடங்குகிறது. அவற்றுள் பெயர்பெற்றது, கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் இனங்கண்ட டிஆர்பிவி1. ஒரே வகையான நான்கு புரத அலகுகள் நடுவில் ஒரு துளையை விட்டுச் சூழ்ந்து நிற்க, ஒவ்வோர் அலகும் சவ்வை ஆறு சுருள்களாக ஆறு முறை ஊடுருவுகிறது. ஐந்தாம், ஆறாம் சுருள்களே துளையின் சுவர். யிஃபான் செங்கும் ஜூலியஸும் 2013இல் உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் இவ்வமைப்பை 3.4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நுட்பத்தில் காட்டினர்.

துளையில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு ஒடுக்கங்கள் உள்ளன. கால்வாய் என்று சொல்லிவிட்ட பிறகு இவற்றை மதகு என்பதே முறை. மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் சவ்வுக்குள் புகுந்து, மூன்றாம், நான்காம் சுருள்களை ஒட்டிய குழிவில் பொருந்தி, நான்காம் சுருளை ஐந்தாவதோடு சேர்க்கும் இணைப்பை இழுக்கும்போது கீழ்மதகு விரிகிறது. சோடியமும் கால்சியமும் உள்ளே பாய, சவ்வின் மின்னழுத்தம் மாறி, குறிப்பலை புறப்படுகிறது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸ் சூடும் இதே கால்வாயைத் திறப்பதால்தான் காரத்தை எரிச்சல் என்கிறோம். பறவைகளின் கால்வாய் காப்சைசினுக்கு அசைவதில்லை. கிளி மிளகாயைக் கவலையின்றிக் கொறிப்பது அதனால்தான். அழற்சி கண்ட இடத்தில் மிகும் அமிலம் அந்த வெப்ப எல்லையைத் தாழ்த்துவதால், அங்கே இளஞ்சூடும் சுடுகிறது.

இக்கால்வாயை அடைக்கும் மருந்துகளை வலிநிவாரணிகளாகச் சோதித்தபோது சிலருக்கு உடல்வெப்பம் ஏறியது; கொதிசூட்டைக் கண்டு கையை இழுத்துக்கொள்ளும் எச்சரிக்கையும் மங்கியது.