'யெஸ்' தட்டுவதற்கு முன்னால்

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நாற்பது லினக்ஸ் கணினிகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஒரு மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் முன்னாலும் போய் உட்கார முடியாது. ஒரே மேசையில் டெர்மினலைத் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தை) திறந்துவைத்து, வலை வழியாக வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் மூலம் ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைவதுதான் வழக்கம். அதற்கு முதலில் அந்த நாற்பதையும் நம் கணினியில் பதிவு செய்ய வேண்டும்.

பெயரைப் பதிவது சுலபம். 192.168.1.20 போன்ற வலை முகவரி எண்களை நினைவில் வைத்திருப்பது சிரமம் என்பதால், ஈடிசி கோப்புறையில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து, எண்ணை எழுதி, பக்கத்தில் 'லேப்20' என்று பெயரைப் போட்டால் போதும். ரவுட்டர் அந்த எண்ணை வேறு கணினிக்குக் கொடுத்துவிடாதபடி அதிலும் ஒதுக்கிவைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அந்த எண்ணில் இருப்பது உண்மையிலேயே நம்முடைய லேப்20 தானா? உள்வலையில் ஒரு கணினியைத் தேடும்போது, "192.168.1.20 யார்?" என்று நம் கணினி எல்லோரையும் பார்த்துக் கேட்கிறது. "நான்தான்" என்று பதில் வந்தால் அப்படியே நம்பிவிடுகிறது. 1982-ல் வகுக்கப்பட்ட ஏஆர்பி என்ற இந்த நெறிமுறையில், பதில் சொல்வது யார் என்று சரிபார்க்க எந்த ஏற்பாடும் கிடையாது. அதே வலையில் இருக்கும் எந்த மடிக்கணினியும் பொய்யாகக் கை தூக்கலாம்.

1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வலையில் போய்க்கொண்டிருந்த கடவுச்சொற்களை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். வேறு கணினிக்குள் நுழைய அப்போது புழக்கத்தில் இருந்த டெல்நெட் என்ற முறை, கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பும். அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து இலோனென் அந்தத் தாக்குதலுக்குப் பிறகு எழுதியதுதான் எஸ்எஸ்ஹெச். பேச்சை மறைப்பதோடு, எதிரில் இருப்பது யார் என்பதையும் அது சோதிக்கிறது.

அந்தச் சோதனை நடக்கும் விதம் அழகானது. எஸ்எஸ்ஹெச் சர்வர் ஓடும் ஒவ்வொரு கணினியிலும் ஒரு சாவி ஜோடி, அதாவது ஒன்றுக்கொன்று பொருந்தும் இரண்டு ரகசியக் குறியீட்டுச் சாவிகள், பொதுச் சாவியும் ரகசியச் சாவியுமாக இருக்கும். பொதுச் சாவியை யார் கேட்டாலும் கொடுக்கும். ரகசியச் சாவி வெளியே போகவே போகாது. நாம் இணையும்போது இரண்டு கணினிகளும் சேர்ந்து அந்த இணைப்புக்கு மட்டுமே உரிய ஓர் எண்ணை உருவாக்குகின்றன. லேப்20 அதில் தன் ரகசியச் சாவியால் கையொப்பம் போடுகிறது. நம் கணினி பொதுச் சாவியை வைத்து அதைச் சரிபார்க்கிறது. இணைப்புக்கு இணைப்பு அந்த எண் மாறுவதால், நேற்றைய கையொப்பத்தைப் பதிவு செய்து இன்றைக்குக் காட்டி ஏமாற்ற முடியாது.

இதில் பலவீனமான இடம் முதல் சந்திப்புதான். நம்மிடம் இன்னும் பொதுச் சாவி இல்லை. அதனால்தான் எஸ்எஸ்ஹெச், எதிரில் இருக்கும் கணினி தந்த சாவியின் 'கைரேகை'யை, அதாவது அந்தச் சாவியிலிருந்து கணக்கிட்ட ஒரு நீளமான அடையாள எழுத்துத் தொடரைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கிறது. பெரும்பாலானோர் படிக்காமலேயே 'யெஸ்' என்று தட்டிவிடுகிறார்கள். அந்த நொடியில் எதிரில் இருந்த கணினியின் சாவி, அது யாருடையதாக இருந்தாலும், 'நோன் ஹோஸ்ட்ஸ்' என்ற கோப்பில் பதிவாகிவிடும். அப்புறம் எல்லா ஒப்பீடும் அந்தச் சாவியோடுதான்.

சரியான வழி அப்படியொன்றும் கடினமில்லை. லேப்20-இன் முன்னாலேயே ஒருமுறை உட்கார்ந்து, எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையால் அதன் பொதுச் சாவியின் கைரேகையை எடுத்துக்கொள்ள வேண்டும். எஸ்எஸ்ஹெச்-இன் பரவலாகப் பயன்படும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்-இன், 2019-க்குப் பிறகு வந்த பதிப்புகளில், 'யெஸ்' என்பதற்குப் பதிலாக அந்தக் கைரேகையையே ஒட்டலாம். பொருந்தினால்தான் உள்ளே விடும். கண்ணால் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டிய வேலை மிச்சம். நாற்பது சாவிகளையும் ஒரே வீச்சில் திரட்ட எஸ்எஸ்ஹெச்-கீஸ்கேன் என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் அது திரட்டும், சரிபார்க்காது. ஒப்பிடும் வேலை நம்முடையது.

ஆய்வகங்களில் அடிக்கடி நடக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கணினியை முழுதாக அமைத்துவிட்டு, அதன் வன்வட்டை மற்ற முப்பத்தொன்பதுக்கும் அப்படியே நகலெடுப்பார்கள். ரகசியச் சாவியும் கூடவே நகலாகிவிடும். அப்புறம் நாற்பதும் ஒரே அடையாளத்தோடு நிற்கும். ஒன்றை உடைத்தவர் மற்ற எல்லாமாகவும் வேடம் போடலாம். நகலெடுத்த கையோடு பழைய சாவிகளை அழித்துப் புதியவை உருவாக்கியே ஆக வேண்டும்.

சாவி மாறிவிட்டால் திரை முழுக்க '@' குறிகளோடு ஓர் எச்சரிக்கை வரும். இந்தச் சோதனையையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனை பல இடங்களில் கிடைக்கிறது. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். லேப்20-இல் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியிருந்தால் சாவி மாறியிருப்பது இயல்பே. எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையின் பெரிய 'ஆர்' தெரிவால் அந்தப் பழைய பதிவை மட்டும் நீக்கிவிட்டு, புதிய கைரேகையை அந்தக் கணினியிலேயே பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரும் எதையும் நிறுவவில்லை என்றால், கடவுச்சொல்லைத் தட்டாமல் விலகி, அந்த எண்ணில் பதில் சொல்வது எந்தக் கணினி என்று முதலில் தேடுங்கள்.