காசு எப்போது வரும்? காத்திருப்பு உண்மையில் எங்கே போகிறது

கொழும்பு புதுக்கடையில் தொழில் விபத்துக் கோப்புகளைப் பார்க்கிற சட்டத்தரணி நான். என்னிடம் வருகிறவர்கள் சட்டத்தைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. "காசு எப்போது வரும், மிஸ்?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுதான். "மூன்று மாதத்தில் எடுத்துத் தருகிறேன்" என்று சட்டென்று பதில் சொல்லுகிற ஆட்கள் அலுவலக வாசல்களில் இருக்கிறார்கள். படிவம் நிரப்பக் காசு வாங்குவதுதான் அவர்களுடைய தொழில்; காசு வாங்கிய பின் அவர்களை அந்த வாசலில் காண்பது அரிது.

நேர்மையான பதில் கொஞ்சம் நீளமானது. முதலில் எந்தக் காசு என்று கேட்க வேண்டும். விபத்திலோ நோயிலோ உடல் வலு இழந்தவருக்கு அரசாங்கம் தரும் மாதாந்தக் கொடுப்பனவு ஒன்று. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி தரவேண்டிய நட்டஈடு இன்னொன்று. அவர் உழைத்துச் சேர்த்த ஊழியர் சேமலாப நிதி மூன்றாவது. வீட்டில் இந்த மூன்றும் 'உதவிக் காசு' என்ற ஒரே பெயரில் ஓடுகின்றன. அதனால் ஒன்றுக்கு எழுதிப் போட்டுவிட்டு, அது முடிந்த பிறகு மற்றதைப் பார்ப்போம் என்று இருந்துவிடுகிறார்கள். ஒன்றின் முடிவுக்காக மற்றது காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மூன்றுக்கும் ஒரே வாரத்தில் எழுதலாம். நான் பார்த்த தாமதங்களில் பெரும்பகுதி விண்ணப்பம் கையளிக்கப்படுவதற்கு முன்பே நடந்து முடிந்தவை.

மாதாந்தக் கொடுப்பனவிலிருந்து தொடங்குகிறேன். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், வைத்திய அறிக்கை, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்ப்பது என்று அது நகரும். 2023இல் 5,000 ரூபாயாக இருந்த தொகை பின்னர் 7,500 ஆகி, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ஆக உயர்ந்தது. தொகை உயர்ந்த செய்தி எல்லோருக்கும் தெரியும். வரிசையைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. 2023இல் அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசும தொடங்கியபோது மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 72,000. 2012 குடிசன மதிப்பீடு ஏதாவதொரு இயலாமை உள்ளவர்கள் என்று எண்ணியவர்களோ 16 இலட்சம். அந்த 16 இலட்சம் பேரும் கடும் பாதிப்புள்ளவர்கள் அல்லர், எல்லோரும் வறியவர்களும் அல்லர். அப்படியே கழித்துப் பார்த்தாலும் இடைவெளி சிறியதல்ல. ஆகவே 'நீங்கள் தகுதியானவர்' என்று தீர்மானிக்கப்படும் நாளும் வங்கிக் கணக்கில் பணம் விழும் நாளும் வேறு வேறு. காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறியதா, எந்தத் திகதியில் ஏறியது என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "போட்டிருக்கிறோம், வரும்" என்ற வாய்ப்பேச்சு திகதி ஆகாது.

குடும்பத்துக்கான அஸ்வெசும கிடைக்கவில்லை என்றதும், "எங்களை வெட்டிவிட்டார்கள்" என்று மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவையும் கைவிட்டுவிடுகிறவர்கள் பலர். இரண்டும் ஒன்றல்ல; தனித்தனியாக விசாரியுங்கள். குடும்பக் கொடுப்பனவுக்கான மேன்முறையீட்டிலும் ஒரு விஷயம் உண்டு. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 சுட்டிகளை வைத்துத்தான் குடும்பங்களைத் தரம் பிரித்தார்கள். எனக்குக் காட்டப்படும் மேன்முறையீட்டுப் பிரதிகளில் பாதிக்கு மேல் "நாங்கள் மிகவும் கஷ்டப்பட்டவர்கள், கருணை காட்டுங்கள்" என்றே இருக்கின்றன. கருணைக்கு அங்கே பெட்டி கிடையாது. எந்தத் தகவல் பிழையாகப் பதியப்பட்டது என்பதைத்தான் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையில் வீடுகள் நெருக்கிக் கிடக்கும் ஒரு தோட்டத்தில் மூன்று குடும்பங்களுக்கு ஒரே மின்மானி. மின்கட்டணப் பட்டியல் ஒருவருடைய பெயரில் வரும். கணக்கெடுப்பில் அந்த முழு மின்சாரமும் அவர் ஒருவருடைய தலையில் விழுந்தது. அவருடைய மகளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மற்ற இரண்டு வீட்டாரும் தாங்கள் பணம் பகிர்வதாக எழுதிக் கையொப்பமிட்டார்கள், கிராம உத்தியோகத்தர் அதை உறுதிப்படுத்தினார். அரைப் பக்கக் கடிதம்தான். முன்பு அவர்கள் எழுதியிருந்த நான்கு பக்கத்தில் மின்மானியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

இனி நட்டஈடு. என் தொழில் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல் வந்தது. 2022இல் செய்த திருத்தம் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் வழியில் நேரும் விபத்தையும் உள்ளே கொண்டுவந்தது. சேமலாப நிதிக்கு முதலாளி பணம் கட்டவில்லை என்றால் இந்த உரிமை இல்லை என்று நினைக்கிறார்கள். அது தவறு. நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்று காட்டினால் போதும். ஆனால் அந்த 'காட்டுவது' தான் காலத்தைத் தின்கிறது.

புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை செய்த ஒரு தம்பி. லொறியின் பின்கதவுக்கும் மூட்டைக்கும் நடுவில் அகப்பட்டு வலது கை நசுங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் கடையின் மேற்பார்வையாளர். எப்படிக் காயம் என்று நோயாளர் விடுதியில் கேட்டபோது, "படியில் வழுக்கி விழுந்தார்" என்று அவர் சொன்னதை நோயாளியின் டிக்கெட்டில், அதாவது சிகிச்சைப் பதிவில், அப்படியே எழுதினார்கள். மயக்கத்தில் கிடந்த பையனுக்கு எதுவும் தெரியாது. முதலாளி முதல் இரண்டு மாதம் மரியாதையாகக் காசு கொடுத்தார், வீட்டுக்குப் பழமும் அனுப்பினார். பிறகு நிறுத்தினார். வழக்கு என்று வந்ததும் அந்த ஒரு வரியை எடுத்து நீட்டினார். அதை உடைக்க, அன்றைக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு நாட்டாமைகளைத் தேட வேண்டியிருந்தது. ஒருவர் வேறு தெருவுக்கு மாறியிருந்தார், மற்றவர் ஊருக்குப் போயிருந்தார். விசாரணைத் திகதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போயின. முதலாளி பொறுப்பை ஏற்றுக்கொண்டால் மாதக்கணக்கில் முடிகிற காரியம், மறுத்தால் வருடக்கணக்கில் போகும். எந்தப் பக்கம் சாயும் என்பது பல வேளை அந்த முதல் நாள் விடுதியில் எழுதப்படும் வரியில் இருக்கிறது. உறவினர்கள் போய்ச் சேர்ந்ததும் செய்யவேண்டிய முதல் காரியம், என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்பது. பிழை என்றால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள், பொலிஸிலும் ஒரு முறைப்பாடு பதியுங்கள். இரண்டு வருடம் கழித்துச் சொன்னால் காசுக்காகச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பழமும் காசும் அனுப்பும் முதலாளிகளில் நல்லவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று வெற்றுத் தாளில் கையொப்பம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டுக் கொடுத்துவிட்டீர்கள் என்றாலும் மனம் உடைய வேண்டாம். நட்டஈட்டு உரிமையைத் தொழிலாளி இப்படி எழுதிக் கொடுத்துத் தொலைத்துவிட முடியாது என்பதே இந்தச் சட்டத்தின் நிலைப்பாடு. தொகை பேசி முடிப்பதென்றால் அது தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவாக வேண்டும்.

இன்னொரு தாமதம் யாருடைய குற்றமும் அல்ல. நிரந்தர இயலாமை எத்தனை வீதம் என்பதைச் சிகிச்சை ஓரளவு முடிந்த பின்னர்தான் வைத்தியர்கள் சொல்ல முடியும். எலும்பு பொருந்த வேண்டும், இரண்டாவது சத்திரசிகிச்சை இருந்தால் அதுவும் ஆக வேண்டும். அவசரப்பட்டு வீதம் போடச் சொன்னால் நட்டம் உங்களுக்கே. ஆனால் இறுதி வீதம் வரும் வரை கோரிக்கையே கொடுக்காமல் இருப்பது வேறு. கோரிக்கையை முதலிலேயே கொடுத்து, தற்காலிக இயலாமைக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை தரவேண்டிய கொடுப்பனவைக் கேளுங்கள். கிளினிக்குக்குப் போவதை நிறுத்தாதீர்கள். கிளினிக் கொப்பியில் ஆறு மாத வெற்றிடம் இருந்தால் "குணமாகிவிட்டார்" என்று வாதிட எதிர்த்தரப்புக்கு அது போதும். பஸ்ஸுக்குக் காசில்லாமல்தான் போகவில்லை என்பதைக் கொப்பி சொல்லாது.

சேமலாப நிதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது என்பது பொது விதி. முற்றாகவும் நிரந்தரமாகவும் வேலை செய்ய முடியாத நிலை என்று வைத்திய ரீதியில் உறுதியானால் அந்த வயதுக்கு முன்பே எடுக்கலாம். தொழில் திணைக்களம் தீர்மானிக்கிறது, மத்திய வங்கி பணம் கொடுக்கிறது. இங்கே நம்மவர்களுக்கு வரும் தொல்லை பெயர். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒன்று, அடையாள அட்டையில் சிங்களம் வழியாக வந்த இன்னொன்று, நிறுவனத்தின் பதிவில் தகப்பன் பெயரும் தன் பெயரும் இடம் மாறி மூன்றாவது ஒன்று. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து விண்ணப்பத்தோடேயே சேர்த்துக் கொடுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தால் கோப்பு ஒரு சுற்றுத் திரும்பி வந்து மறுபடியும் வரிசையின் கடைசியில் நிற்கும்.

ஹட்டன், பதுளைப் பக்கத்திலிருந்து வந்து கொழும்புக் கடைகளில் தங்கி வேலை செய்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வாக்காளர் பதிவு ஊரில் இருந்தால் மாதாந்தக் கொடுப்பனவை ஊர்ப் பிரதேச செயலகத்தில்தான் கேட்க வேண்டிவரும். அங்கே "கொழும்பில் கேள்", இங்கே "ஊரில் கேள்" என்று அலைக்கழிந்து களைத்துப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒருவர் அங்கேயும், காயப்பட்டவரோ அவருடைய சகாவோ இங்கேயுமாக வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை, அல்லது காரணம் சொல்லாமல் "நிராகரிக்கப்பட்டது" என்கிறார்கள். அப்போது மேன்முறையீட்டை உணர்ச்சியோடு எழுதத் தொடங்குவதற்கு முன், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் காரணத்தைக் கேளுங்கள். கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது, எந்த அளவுகோலில் தள்ளப்பட்டது, பட்டியலில் எத்தனையாவது இடம் என்று மூன்று கேள்விகள் போதும். தமிழிலேயே எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கடிதம் போனதும் தூங்கிய கோப்பு தானாக எழுந்து நடந்த சந்தர்ப்பங்கள் உண்டு. காயப்பட்டது எழுதும் கை என்றாலும் தடையில்லை: எழுத முடியாதவர் நேரில் போய் வாயால் கேட்கலாம், அதை எழுதிக்கொள்வது அந்த அதிகாரியின் கடமை.