செங்கா: அத்தையா, செவிலியா?

உகாண்டாவில் வளரிளம் பெண்களின் உடல்நலம் பற்றிப் படிக்கும்போது ‘செங்கா’ என்ற லுகாண்டா மொழிச் சொல் அடிக்கடி எதிர்ப்படும். ஒரு கட்டுரைக்காக இதைத் தமிழில் எழுத வேண்டி வந்தபோது ‘அத்தை’ என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.

உறவுமுறைப்படி அது பிழையே இல்லை. செங்கா என்றால் அப்பாவின் உடன்பிறந்தாள். ஆங்கிலத்தில் அத்தையும் சித்தியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். லுகாண்டா நம்மைப்போல முறை பிரித்துப் பேசும் மொழி. தாய்மாமனுக்கும் ‘கொஜ்ஜா’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறது.

ஆனால் லுகாண்டா பேசும் பகாண்டா மக்களிடம் செங்கா என்பது ஒரு பொறுப்பின் பெயரும் ஆகும். அண்ணன் மகள் வளர்ந்து வரும்போது மாதவிடாய் என்றால் என்ன, உடம்பை எப்படிப் பேணுவது, இல்லறம் எப்படி என்றெல்லாம் சொல்லித்தருவது அவள் கடமை. பெற்ற தாய் மகளிடம் இவற்றைப் பேசுவது வழக்கமில்லை. அவர்களின் நாடான புகாண்டாவில் பிள்ளைகள் தந்தையின் குலம். ஒரே குலத்துக்குள் மணம் கிடையாது. ஆக, தாய் எப்போதும் வேறு குலத்திலிருந்து வந்தவள். மகளின் சொந்தக் குலத்தில் நெருங்கிய மூத்த பெண் அத்தைதான். ‘குவஞ்ஜுலா’ என்ற மண அறிமுகச் சடங்கில் மாப்பிள்ளையை வீட்டாருக்கு முன் காட்டுபவளும் அவளே.

தமிழ் ‘அத்தை’ இடறுவது இங்கேதான். நமக்கு அத்தை மகன் முறைமாப்பிள்ளை. மாமியாரையும் அத்தை என்றே கூப்பிடுகிறோம். நாளைக்கு மாமியாராக வரக்கூடியவளிடம் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிய ஐயத்தை வாய்திறந்து கேட்பாளா? பகாண்டா மக்களிடம் அத்தை மகனைக் கட்டும் முறை கிடையாது. செங்காவிடம் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை.

அந்தப் பொறுப்பு இன்று பழையபடி நடக்கவில்லை. பிழைப்புக்காகக் குடும்பங்கள் தலைநகர் கம்பாலாவுக்கும் பிற ஊர்களுக்கும் பிரிந்துபோயின. எய்ட்ஸ் ஒரு தலைமுறையின் அத்தைகள் பலரைக் கொண்டுபோனது. அந்த வெற்றிடத்தில் கூலிக்குக் கற்றுத்தரும் செங்காக்கள் வந்தார்கள். வானொலியில் செங்கா, நாளிதழ்ப் பத்தியில் செங்கா என்று சொல் உறவைவிட்டுக் கழன்று தொழிற்பெயராகிவிட்டது. 1993இல் இளையோருக்கென்றே ‘ஸ்ட்ரெய்ட் டாக்’ என்ற செய்தித்தாள் தொடங்கியது. மறு ஆண்டு கம்பாலாவின் நகுரு பகுதியில் பதின்வயதினருக்கான தகவல், மருத்துவ மையம் திறந்தது. மசாகா பகுதிக் கிராமங்களில் ஆய்வாளர்கள் செங்காக்களுக்கே எச்.ஐ.வி., ஆணுறை, கருத்தடை பற்றிப் பயிற்சி கொடுத்து, பெண்பிள்ளைகளை மீண்டும் அவர்களிடம் வரவைத்துப் பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த முயற்சி இது. ஏனென்றால் பழைய செங்காவின் பாடத்தில் கணவனுக்கு இணங்கி நடப்பது நிறைய இருந்தது; கருத்தடையும் பால்வினை நோயும் இல்லை. அவள்மீது இருந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு பாடத்தை மாற்றினார்கள்.

பள்ளிகளில் கதை வேறு. பாலியல் கல்வியை 2016இல் அரசு நிறுத்திவைத்தது. 2018இல்தான் அதற்கான தேசியச் சட்டகம் வெளிவந்தது. 2022 மக்கள்தொகை நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் 24 விழுக்காட்டினர் ஏற்கெனவே தாயானவர்கள் அல்லது கருவுற்றிருந்தவர்கள். 2016இல் அது 25. ஆறு ஆண்டுகளில் ஒரே ஒரு புள்ளி!

சரி, தமிழில் என்ன சொல்வது? உறவை விட்டுப் பொறுப்பைப் பிடித்தால் நம்மிடம் ஒரு பழஞ்சொல் இருக்கிறது. தொல்காப்பியக் களவியல், ‘அருமறை கிளத்தலின் தாயெனப் படுவோள் செவிலி யாகும்’ என்கிறது. பிறரிடம் சொல்லமுடியாத மறைபொருளைப் பேசத்தக்கவள் என்பதால் வளர்ப்புத்தாயான செவிலிக்கே தாய் என்ற பெயர் பொருந்துகிறதாம். பெற்றவளான நற்றாய் இருக்கும்போதே மறைபேச இன்னொருத்தி! செங்காவின் இடம் கிட்டத்தட்ட இதுதான். குறை ஒன்றுண்டு: செவிலி குலத்து உறவு அல்லள். மேலும், இன்று செவிலியர் என்றால் ஊசி போடும் நர்ஸ்தான் நினைவுக்கு வருவார்.

ஆகவே என் பரிந்துரை: உறவை மட்டும் குறிக்கும் இடத்தில் ‘அத்தை’ போதும். பொறுப்பைக் குறிக்கும் இடத்தில் ‘செங்கா’ என்றே எழுதி, முதல்முறை வரும்போது ‘மறைபேசும் அத்தை’ என்று விளக்கலாம். வானொலியிலும் நாளிதழிலும் வருபவரை ‘செங்கா ஆலோசகர்’ எனலாம். மருத்துவமனைச் செவிலியரை இந்தச் சொல்லால் குறிக்கவே கூடாது. மணமாகாத பெண் கருத்தடை கேட்டு வந்தால் கடிந்து அனுப்பும் செவிலியரைப் பற்றி ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலிருந்து ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அங்கே வாய்மூடித் திரும்பும் பெண்ணுக்குத்தான் செங்கா தேவைப்படுகிறாள்.