கடைக்கால் ஊற்றுநீரில் கலவை போடலாமா?

திருவொற்றியூரில் வீடு கட்டத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கடைக்கால் தோண்டும்போதே குழியில் ஊற்று கிளம்பிவிட்டதாம், நாக்கில் வைத்தால் கரிக்கிறதாம். அந்தத் தண்ணீரிலேயே கலவை போட்டுவிடலாம், கான்கிரீட் காய்ந்தால் உப்பும் போய்விடும் என்கிறாராம் மேஸ்திரி. செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக வீடு கட்டுகிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்டில் இருக்கும் கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீரோடு வினைபுரிந்து கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற புதிய பொருளாக மாறுகின்றன. மணலையும் ஜல்லியையும் பிடித்து நிறுத்துவது அதுதான். ஊற்றிய தண்ணீரில் ஒரு பங்கு அந்தப் பொருளுக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது, மீதி நுண்துளைகளில் தங்குகிறது. நாளடைவில் கொஞ்சம் ஆவியாகும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே நிற்கும்.

வேலை நடக்கும் முறை தெரிந்ததுதான். குழி எடுத்து, ஊற்றுநீரை மோட்டார் வைத்து இறைத்து, அடியில் நான்கு அங்குலத்துக்கு பிசிசி, அதாவது கம்பியில்லாத வெறும் கான்கிரீட் போட்டு, அதன்மேல் வலைபோல் கட்டிய மேட் கம்பியையும் பில்லர் கம்பியையும் நிறுத்தி, முக்கால் அங்குல ஜல்லிக் கலவையைக் கொட்டி வைப்ரேட்டர் விடுவார்கள். கொட்டும்போது குழியில் தண்ணீர் நிற்கக் கூடாது, சிமெண்டைக் கழுவிக்கொண்டு போய்விடும். பூட்டிங்குக்கு, அதாவது பில்லரைத் தாங்கும் அடிக் கான்கிரீட்டுக்கு, வெளியே ஒரு மூலையில் சிறு பள்ளம் பறித்து, அதிலிருந்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்கு ஆச்சரியம் தீராத விஷயம், உள்ளே போகிற அந்தக் கம்பி. ஈரத்தில் கிடந்தால் இரும்பு துருப்பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கான்கிரீட்டுக்குள் எப்போதும் ஈரம் உண்டு, ஆக்சிஜனும் உண்டு. இருந்தும் நல்ல கான்கிரீட்டை ஐம்பது ஆண்டு கழித்து உடைத்தால்கூட உள்ளே கம்பி அப்படியே இருக்கும். எப்படி?

சிமெண்டும் தண்ணீரும் வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. நாம் சுண்ணாம்பு என்று சொல்வது அதைத்தான். கூடவே கொஞ்சம் சோடியம், பொட்டாசியம் காரங்களும் சேர்ந்து நுண்துளை நீரின் காரத்தைக் காட்டும் பிஎச் அளவை 12.5, 13 என்று ஏற்றிவிடுகின்றன. அத்தனை காரத்தில் இரும்பின் மேற்பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து தன்மேல் ஒரு ஆக்சைடு படலத்தைப் போட்டுக்கொள்கிறது. அதன் கனம் சில நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். சாதாரணத் துரு பொருபொருவென்று உதிரும், இந்தப் படலமோ இறுக்கமாக ஒட்டி நிற்கும். எங்காவது கிழிந்தாலும், காரம் இருக்கும்வரை தானாகவே மூடிக்கொள்ளும். துருவை உண்டாக்குகிற அதே ஆக்சிஜன்தான் துருவைத் தடுக்கும் படலத்தையும் போட்டுத் தருகிறது.

இதைக் குலைப்பது உப்பிலுள்ள குளோரைடு. கம்பியின் மேல் போதுமான அளவு குளோரைடு சேர்ந்ததும் ஏதோ ஒரு புள்ளியில் படலம் உடைகிறது. அங்கே இரும்பு அயனியாகக் கரைந்து வெளியே வர, குளோரைடு அதோடு சேர்கிறது. பிறகு இரும்பைத் தண்ணீரிடம் ஒப்படைத்துவிட்டுத் தான் விடுபட்டுக்கொள்கிறது. வரனையும் பெண்ணையும் சேர்த்துவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பும் தரகரைப் போல, குளோரைடு செலவாவதே இல்லை. திரும்பத் திரும்ப வந்து வேலை பார்க்கும். ஒவ்வொரு சுற்றிலும் அமிலம் வேறு உண்டாவதால், சுற்றிலும் காரம் இருந்தும் படலம் உடைந்த இடத்தில் விழும் சின்னக் குழிக்குள் மட்டும் அமிலச் சூழல். படலம் மூடிக்கொள்ளவே முடியாது. குழியில் கரையும் இரும்பு விட்டுச்செல்லும் எலக்ட்ரான்களைக் கம்பியின் மற்ற பகுதி முழுவதும் வாங்கிக்கொள்கிறது. ஒரே கம்பிக்குள் ஒரு மின்கலம் ஓடுகிறது. வாங்குகிற பரப்பு பெரிது, இழக்கிற புள்ளி சிறிது. அதனால் அந்தப் புள்ளியில் கம்பி ஊசி குத்தியதுபோல் ஆழமாக அரித்துப்போகிறது. துரு, கரைந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் கான்கிரீட்டைப் பிளக்கும்.

எவ்வளவு உப்பு வரை தாங்கும்? கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு மொத்தக் குளோரைடு 600 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரக்குறிப்பு ஐஎஸ் 456. ஐந்தடிக்கு ஐந்தடி, ஒன்றரை அடி கனத்தில் ஒரு பூட்டிங் ஏறத்தாழ ஒரு கன மீட்டர். அதற்கு 180 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு. ஊற்றில் அதில் ஐந்தில் ஒரு பங்கு கலந்திருந்தாலே 600 கிராமைத் தாண்டிவிடும். கலவைத் தண்ணீருக்கு அதே தரக்குறிப்பு வைத்த வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான்.

இன்னொன்று. நிலத்தடி நீரில் முழுதாக மூழ்கிக் கிடக்கும் பூட்டிங்குக்கு ஆக்சிஜன் குறைவு, துரு மெதுவாகத்தான் பிடிக்கும். ஆபத்து அதற்கு மேலே, பில்லர் தரையைத் தொடும் இடத்தில். மழைக்காலத்தில் நனைந்து கோடையில் காய்கிற பகுதி அது. உப்பு ஏறி ஏறித் தங்கும், ஆக்சிஜனும் தாராளம். வடசென்னையில் பழைய வீடுகளின் பில்லர்கள் முழங்கால் உயரத்துக்குக் கீழே வெடித்திருப்பதை நிறையப் பார்க்கலாம்.

தண்ணீரைச் சோதிப்பது எளிது. ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் ஒரு துளி, பிறகு வெள்ளி நைட்ரேட் இரண்டு துளி. குளோரைடு இருந்தால் உடனே பால்போல் வெளுக்கும். பள்ளி ஆய்வகத்திலேயே செய்த சோதனைதான். அளவு தெரிய ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் அனுப்பினால் போதும். நாள் பார்த்து, ஈசானிய மூலை பார்த்து, நவதானியம் போட்டுப் பூஜை செய்கிறோம். அவரவர் நம்பிக்கை, செய்யட்டும். ஆனால் அந்தச் செலவில் ஒரு சிறு பங்கைக்கூடத் தண்ணீர்ச் சோதனைக்கு ஒதுக்காமல் வாஸ்து வீட்டைக் காக்கும் என்று இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. குளோரைடுக்குத் திசை கிடையாது.

கம்பியைப் பிசிசி மேல் அப்படியே கிடத்தவும் விடாதீர்கள். அடியில் 50 மில்லிமீட்டர் கவர் பிளாக், அதாவது கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கான்கிரீட் கட்டை, கட்டாயம். செங்கல் துண்டு வைத்தால் அது தண்ணீரை உறிஞ்சிக் கம்பிக்கே கொண்டுபோய்க் கொடுக்கும். கட்டுக்கம்பியின் நுனிகள் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் உள்பக்கம் மடக்கச் சொல்லுங்கள்.

சிமெண்டில் பிபிசி, அதாவது ஆலையிலேயே நிலக்கரிச் சாம்பல் கலந்து வரும் சிமெண்ட், வாங்குங்கள். சாம்பல் கலந்தது மட்டம் என்று பல கொத்தனார்கள் நினைக்கிறார்கள், தவறு. அனல்மின் நிலையத்துச் சாம்பல் நுண்ணிய கண்ணாடி உருண்டைகள். அதிலுள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு மெதுவாகச் சேர்ந்து, மேலும் பிணைப்புப் பொருளை உண்டாக்கி நுண்துளைகளை அடைக்கிறது. சாம்பலிலுள்ள அலுமினா, உப்பின் குளோரைடில் ஒரு பகுதியைப் பிடித்தும் வைக்கிறது. அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கத்துக் கொசஸ்தலை ஆற்றைக் கெடுத்த அதே சாம்பல், ஆலையில் முறையாகக் கலந்தால் நம் கம்பியைக் காக்கும். சாம்பல் குட்டையிலிருந்து அள்ளி வந்து தளத்தில் கலப்பது வேறு, அதைச் செய்யாதீர்கள்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இரும்பு அரிமானத்தை ஆராய்ந்து வருகிறது. மண்டபம் கடலோரத்தில் பொருட்களை உப்புக்காற்றில் வைத்துப் பார்க்கும் நிலையமும் அதற்கு உண்டு. இப்படிப்பட்ட ஆய்வுக்கு மூன்றாண்டு நிதி எதற்கும் போதாது, இருபது முப்பது ஆண்டு தொடர்ந்து காசு வர வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் புகுந்திருப்பது தெரிந்த விஷயம். தெருவாரியாகக் குளோரைடு அளவை எடுத்து, கட்டட அனுமதியோடு ஒரு தாளாகக் கொடுத்தால் எத்தனை வீடுகள் தப்பும்!

கடைசியாக, போட்ட கான்கிரீட்டைக் காயவிடாமல் நீர் விடுவதற்கும் ஊற்றுநீர் வேண்டாம். பிபிசிக்கு 14 நாள் ஈரச்சாக்கு போட்டு நல்ல தண்ணீர் விடுங்கள், சாம்பலின் வினைக்கு அவகாசம் வேண்டும். அப்புறம் பில்லரின் அடிப்பகுதியை உலரவிட்டு, இரண்டு கை தார்ப்பூச்சு கொடுத்த பிறகு மண்ணை மூடுங்கள்.