கொமிக்ஸ்: சித்திரக்கதையா, வரைகதையா?

சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து இதழின் அட்டையில் ‘காமிக்ஸ்’ என்றிருக்கும். இலங்கையின் வடக்கே வன்னியில் நாங்கள் சொல்வதும் எழுதுவதும் ‘கொமிக்ஸ்’. முத்துவில் வந்த இரும்புக்கை மாயாவியின் கதையை எந்தப் பெயரில் வாசித்தாலும் சொல்லின் வேர் ஒன்றுதான். கிரேக்கத்தில் ‘கோமோஸ்’ என்றால் ஆடிப்பாடிக் களிக்கும் கொண்டாட்டம். அதிலிருந்து ‘நகைப்புக்குரியது’ என்ற பொருள் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாளிதழ்கள் வெளியிட்ட சிரிப்புப் படத்தொடர்களுக்கு அந்தப் பெயர் அமைந்தது. பின்னால் துப்பறியும் கதையும் போர்க்கதையும் அதே வடிவில் வந்தபோது, சிரிப்பு போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் மூன்று சொற்கள் உண்டு. ‘படக்கதை’ எளிமையானது, ஆனால் ஒளிப்படங்களை அடுக்கிச் சொல்லும் கதைக்கும் அது பொருந்திவிடும். ‘வரைகதை’ அழகான வினைத்தொகை: வரைந்த, வரைகிற, வரையும் கதை. தனித்தமிழ் வேண்டுவோர் அதையே எடுக்கலாம். என் தெரிவு ‘சித்திரக்கதை’. சித்திரம் வடசொல்தான். ஆனாலும் எங்கள் பள்ளிக்கூடங்களில் பாடத்தின் பெயரே சித்திரம் என்பதால், மல்லாவியில் ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது. கேலிச்சித்திரம் வேறு, அது பெரும்பாலும் ஒரே படத்தில் முடிகிற நையாண்டி.

சித்திரக்கதைக்காரரின் வல்லமை கோட்டில் மட்டும் இல்லை, எதை வரையாமல் விடுவது என்ற தீர்மானத்திலும் இருக்கிறது. ஒரு படக் கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியில் நடப்பதை வாசகரே நடத்திக்கொள்கிறார். 1962இல் ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ வரைந்த ஸ்பைடர்மேனின் முதல் கதை 11 பக்கங்கள்தான். தன் முன்னால் ஓடிய கள்வனை ஸ்பைடர்மேனாகிய பீட்டர் தடுக்காமல் விடுகிறான். பிறகு, தன்னை வளர்த்த பெரியப்பாவைக் கொன்றவனைத் துரத்திப் பிடித்தால், அதே முகம்! பெரியப்பா சாகும் காட்சி வரையப்படவே இல்லை. எனக்கு இது சிறுகதைக்கு நிகரான கட்டுக்கோப்பு. 2002இல் சாம் ரெய்மி படமாக்கியபோது எவ்வளவோ மாற்றினார், இந்த முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை. நல்ல தழுவல் என்று நான் சொல்வது இதைத்தான். உடையையும் சண்டையையும் மட்டும் எடுத்துக்கொண்ட படங்கள் நெஞ்சில் நிற்பதில்லை.

சூப்பர் ஹீரோவுக்கு ‘மீநாயகன்’ என்ற சொல் வழங்குகிறது. ‘மீ’ என்றால் மேல். அதை நினைவில் வைத்துக்கொண்டால் சொல் அந்நியமாகப் படாது. மனித ஆற்றலுக்கு மேற்பட்ட கற்பனைப் பாத்திரத்துக்கே அது பொருந்தும். ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் படைத்து 1938இல் வெளிவந்த சூப்பர்மேன் போல. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை மீநாயகன் என்று எழுதுவது பிழை. அவன் வரலாற்றில் வாழ்ந்த வீரன்.

ஆனால் அவன் கதை சித்திரக்கதைக்கென்றே அமைந்தது. 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடிக்கிறான். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் அவனைத் தோற்கடித்ததாகக் கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல் சொன்னது. நடுவில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள். அவற்றுள் எதைக் கட்டத்துக்குள் வரைவது, எதை இடைவெளியில் விடுவது என்று தீர்மானிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை எங்கள் சித்திர வகுப்புகளிலிருந்து வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.