கான்ஸ்டபிள் என்றால் காவலரா? மோன்மொரான்சியின் பட்டமும் ஒரு பழைய தமிழ்ச் சொல்லும்

‘பிரான்சின் தலைமைக் காவலரான ஆன் மோன்மொரான்சி அம்மையார் போரில் படுகாயமடைந்தார்.’ பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கர்களும் ஹ்யூகனோக்கள் எனப்பட்ட புராட்டஸ்டன்ட்களும் மோதிக்கொண்ட பிரெஞ்சு மதப் போர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றில் இந்த வார்ப்பில் அமைந்த வாக்கியங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அம்மையார் இல்லை, ஐயா. ஆள் ஆண்தான். ஞானஸ்நானத் தாயாக நின்ற அரசி ஆனின் பெயரை அந்தக் குழந்தைக்கு வைத்தார்கள். அக்காலப் பிரான்சில் அது ஆணுக்கும் வழங்கிய பெயர். இந்தப் பிழையையாவது மன்னித்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘கான்ஸ்டபிள் ஆஃப் பிரான்ஸ்’ என்று வரும் பட்டத்தைத் தலைமைக் காவலர் ஆக்குவதை மன்னிக்க முடியாது.

தமிழ்நாட்டில் தலைமைக் காவலர் என்றால் என்ன பொருள் என்பது பேருந்து நிலையத்தில் நிற்கும் எவருக்கும் தெரியும். முதல்நிலைக் காவலருக்கு ஒரு படி மேல், உதவி ஆய்வாளருக்குக் கீழ். ஆன் த மோன்மொரான்சியோ 1493இல் பிறந்து, முதலாம் பிரான்சுவா மன்னருடன் விளையாடி வளர்ந்து, 1525இல் பாவியா போரில் அதே மன்னருடன் சிறைப்பட்டு, 1538இல் நாட்டின் படைகள் அனைத்துக்கும் தலைமையேற்றவர். மன்னர் தம் கையாலேயே உருவிய வாளைக் கொடுத்து அமர்த்தும் பதவி அது. அவரைக் கொண்டுபோய் உதவி ஆய்வாளருக்கு வணக்கம் வைக்க நிறுத்துகிறோம்.

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஒன்றும் இல்லை. இலத்தீனில் ‘கோமெஸ் ஸ்தபுலி’ என்றால் லாயத்துக்குப் பொறுப்பான பிரபு. ரோமப் பேரரசில் குதிரைகளைக் கவனித்த அதிகாரி பிராங்கு அரசர்களின் அவைக்கும் வந்து சேர்ந்தார். 1191க்குப் பிறகு செனஷல் என்ற பெரும்பதவியை மன்னர்கள் நிரப்பாமல் விட்டதும், லாயத்துக்காரர் படிப்படியாகப் படைத்தலைவர் ஆனார். பிரெஞ்சில் அது கொனெத்தாபிள். அதே சொல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து கான்ஸ்டபிள் ஆகி, கோட்டைக்குத் தலைவர், ஊருக்குக் காவலர் என்று இறங்கிக்கொண்டே வந்து, 1829இல் லண்டன் மாநகரப் போலீஸின் கடைநிலைப் பதவிப் பெயராகி, அங்கிருந்து கப்பலேறி நம் ஊர் காவல் நிலையத்துக்கு வந்தது. ஒரு சொல், இரண்டு வாழ்க்கை. மொழிபெயர்ப்பாளர் இரண்டாவதை எடுத்து முதலாவதின் தலையில் வைத்துவிடுகிறார்.

‘காவலன் என்றாலே பழந்தமிழில் அரசன்தானே, அதில் என்ன இழிவு?’ என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், சங்கப் பாட்டில் காவலன் அரசன். ஆனால் வாசகர் சங்கப் பாட்டைப் படித்த கையோடு இந்தக் கட்டுரைக்கு வருவதில்லை. காலை நாளிதழைப் படித்துவிட்டு வருகிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது காக்கிச் சட்டைதான்.

இதைவிட என்னை எரிச்சலூட்டுவது இன்னொரு கூட்டத்தின் ஆக்கம். வேர்ச்சொல்லைத் தேடிப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியில் ‘பரிமுதல்வர்’ என்றும் ‘குதிரைலாயத் தலைவர்’ என்றும் எழுதுகிறார்கள். வேரைப் பெயர்த்தால் சொல்லைப் பெயர்த்ததாகிவிடும் என்று யார் சொன்னது? ஆங்கிலத்தில் மினிஸ்டர் என்பதன் இலத்தீன் மூலம் பணியாள். அதற்காக நிதிப் பணியாள், கல்விப் பணியாள் என்றா எழுதுகிறோம்? அமைச்சர் என்றுதான் எழுதுகிறோம், அதுதான் சரி. மேலும், மார்ஷல் என்ற சொல்லும் பழைய ஜெர்மானிய மொழியில் குதிரைப் பணியாளைத்தான் குறித்தது. 1561இல் மோன்மொரான்சி, கீஸ் கோமகன் பிரான்சுவா, மார்ஷல் சேந்தாந்திரே ஆகிய மூவரும் கத்தோலிக்கத் தரப்பைக் காக்கக் கூட்டுச் சேர்ந்தார்கள். வேர்க்காரர்களின் கணக்குப்படி அந்தக் கூட்டணியில் ஒரு கோமகனும் இரண்டு குதிரைக்காரர்களும் இருந்தார்கள். எவர் எவருக்கு மேல் என்று வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மார்ஷலுக்கு மேலே இருந்தவர் கொனெத்தாபிள் என்பதுதானே அங்கே தெரிய வேண்டிய செய்தி!

சரி, ‘தளபதி’ போதாதா? போதாது. 1562 டிசம்பர் 19 அன்று திரூவில் நடந்த போரை எடுத்துக்கொள்ளுங்கள். அரசப் படையின் தலைவர் மோன்மொரான்சி எதிரிகளிடம் சிறைப்பட்டார், எதிரிகளான ஹ்யூகனோக்களின் தலைவர் கோந்தே இளவரசர் அரசப் படையிடம் சிறைப்பட்டார், சேந்தாந்திரே கொல்லப்பட்டார், கீஸ் வென்றார். நால்வரையும் தளபதி என்று எழுதிப் பாருங்கள், போர் குழம்பிய கூழாகிவிடும். தளபதி என்பது போரில் செய்யும் வேலையின் பெயர். கொனெத்தாபிள் என்பது ஒரே ஆள் வகித்த பட்டம். சிறையில் கிடந்தாலும் அரசர் ஒதுக்கிவைத்தாலும் கூடவே இருப்பது. மோன்மொரான்சியை 1541இல் அவையிலிருந்து ஒதுக்கிவைத்தபோதும் பட்டம் பறிபோகவில்லை. தவிர, தமிழ்நாட்டில் தளபதி என்றால் எத்தனை சுவரொட்டிகள் நினைவுக்கு வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கட்சி, தண்டநாயகர். நம் கல்வெட்டுகளில் புழங்கிய சொல். போசளர் காலத்துத் தண்டநாயகர்களின் பெயர்தான் தேய்ந்து தண்ணாயக்கன் கோட்டை ஆனது. அந்தக் கோட்டை இன்று பவானிசாகர் நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது. இச்சொல்லை நான் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் பழமை அல்ல, அதன் இரட்டைப் பொருள். தண்டம் என்றால் படை. தண்டம் என்றால் தண்டனையும்கூட. கொனெத்தாபிளின் பதவியும் அப்படிப்பட்டதுதான். படை நடத்துவது பாதி. படைவீரர்களின் குற்றங்களை விசாரிக்கும் ‘கொனெத்தாப்ளி’ என்ற நீதிமன்றம் மறுபாதி. 1627இல் முதலமைச்சர் ரிஷ்லியூ காலத்தில் பதவியை ஒழித்த பிறகும் அந்த நீதிமன்றம் அதே பெயரில் பிரெஞ்சுப் புரட்சி வரை நடந்தது.

மோன்மொரான்சி என்ற மனிதருக்கும் இச்சொல் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. 1548இல் உப்பு வரியை எதிர்த்துக் கிளர்ந்த போர்தோ நகரை அவர் அடக்கிய விதம் கொடூரமானது. ஜெபமாலையை உருட்டிக்கொண்டே நடுநடுவே ‘அவனைத் தூக்கிலிடு, அந்த ஊரைக் கொளுத்து’ என்று ஆணையிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்வார் என்று அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கிறார்கள். கொனெத்தாபிளின் ஜெபத்திலிருந்து தப்ப வேண்டும் என்பது வீரர்களிடையே வழக்காகவே ஆகிவிட்டது. இதைத் தளபதி என்ற சொல் தாங்குமா?

தண்டம் வடசொல் என்று தூய தமிழ் அன்பர்கள் கைதூக்குவார்கள். ‘கையிகந்த தண்டமும்’ என்று வள்ளுவர் எழுதிய பிறகு எனக்கு அதில் கூச்சம் இல்லை. அவர்கள் முன்வைக்கும் ‘ஏனாதி’ அழகான சொல்தான். அரசன் மோதிரம் அணிவித்துத் தந்த படைத்தலைமைப் பட்டம். ஆனால் இன்று அதைக் கேட்டால் பலருக்கு நினைவுக்கு வருபவர் நாயன்மார். அடிக்குறிப்பு இல்லாமல் நகராத சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தண்டச்சோறு நினைவுக்கு வருமே என்று கிண்டல் செய்பவர்களுக்கு, ‘நாயகர்’ சேர்ந்த பிறகு வராது என்பதே பதில். போசளருக்குத் தண்டநாயகர்கள் பலர், பிரான்சுக்கு ஒரே ஒருவர் என்ற ஆட்சேபம்தான் சரியானது. அதற்காக ‘மாதண்டநாயகர்’ என்று எழுதுகிறேன்.

சிக்கல் இந்த ஒரு பட்டத்தோடு நிற்கவில்லை. மார்ஷலைச் சட்டமன்ற நினைவில் ‘சபைக் காவலர்’ ஆக்குகிறார்கள். மோன்மொரான்சியின் உடன்பிறந்தாள் மகன் கொலிஞி 1552 முதல் பிரான்சின் அட்மிரல். உடனே அவரைக் ‘கடற்படைத் தளபதி’ என்று எழுதி, குதிரை மீதே போர்க்களங்களைக் கண்ட மனிதரைக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்கு ஓடுவது வழக்கமாகிவிட்டது. எந்த நாடு, எந்த நூற்றாண்டு என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

1567 நவம்பர் 10 அன்று, பாரிஸைச் சூழ்ந்த ஹ்யூகனோக்களை எதிர்த்துச் சேன்-தெனியில் எழுபத்துநான்கு வயதில் குதிரை மீது நின்று போரிட்டவர், சுடப்பட்டு இரண்டு நாளில் இறந்தார். சரணடையச் சொன்னவனின் பற்களை வாள் பிடியால் உடைத்தார் என்று சொல்வார்கள். அவரைப் பற்றி எழுதும்போது மாதண்டநாயகர் என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் கொனெத்தாபிள் என்று கொடுங்கள். 1593இல் அதே பட்டம் பெற்ற அவர் மகன் ஆன்றிக்கும், அந்தப் பட்டத்தைக் கடைசியாக வகித்து 1626இல் இறந்த லெதிகியேருக்கும் இதே சொல் போதும். லண்டன் கோபுரத்தின் கான்ஸ்டபிளுக்குக் கோட்டைத் தலைவர், பழைய இங்கிலாந்துச் சிற்றூரின் கான்ஸ்டபிளுக்கு ஊர்க்காவலர். காவல் நிலைய வாசலில் நிற்பவர் மட்டும் காவலராகவே இருக்கட்டும்.