பெங்களூருவில் இலவச மனநல உதவி: தமிழிலேயே கேட்டுப் பெறலாம்

தூக்கம் வராமல் தவிப்பவரும், காரணம் தெரியாத பயத்தில் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே முடங்கிக் கிடப்பவரும் பெங்களூருவில் தமிழர்கள் அதிகம் வாழும் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இல்லாமல் இல்லை. ஆனால் பணம் இல்லை, கன்னடம் சரளமாக வராது, ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் இருக்கிறது என்று சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். இந்தத் தயக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் பதில் இருக்கிறது.

வீட்டைவிட்டு வெளியே போகாமலே தொடங்க விரும்புகிறவர்களுக்கு உள்ள வழி டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கிய இந்தச் சேவைக்கு 14416 அல்லது 1800 891 4416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். இதன் தலைமை மையமாகச் செயல்படுவது மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான பெங்களூருவின் நிம்ஹான்ஸ்தான். அழைத்ததும் பதிவு செய்யப்பட்ட குரல் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அதில் தமிழும் உண்டு. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். அவருடைய ஆலோசனை மட்டும் போதாது என்று தெரிந்தால் மனநல நிபுணரிடம் இணைப்பார்கள், நேரில் காண்பிக்க வேண்டியிருந்தால் எங்கே போவது என்றும் வழிகாட்டுவார்கள். நோயாளிதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. மகனைப் பற்றிக் கவலைப்படும் தாயும் அழைத்து விவரம் கேட்கலாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், மாத்திரை அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பெயரை நினைவிலிருந்து சொல்லப் போய்த் தவறிவிட்டால் ஆலோசனையும் தவறிவிடும்.

நேரில் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது சட்டத்தின் 18ஆம் பிரிவு. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் எல்லா மனநல நிலையங்களிலும் ஒரு செலவும் இல்லாமல் சிகிச்சை பெறலாம் என்று அது சொல்கிறது. வீடில்லாதவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் இதே உரிமை உண்டு. அதே பிரிவின்படி, அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள் சமுதாய நல மையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும், வருமானம் பார்க்காமல், இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதாவது மருந்துக்கு ஏழையா இல்லையா என்ற கேள்வியே எழாது. சட்டம் இப்படிச் சொன்னாலும் பதிவு மேசையில் ஏதாவது ஒரு அட்டையைக் கேட்கத்தான் கேட்பார்கள். ஊர் முகவரி உள்ளதாக இருந்தாலும் ஆதாரையோ ரேஷன் கார்டையோ எடுத்துச் செல்வது வீண் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

மொழியைப் பற்றி 22ஆம் பிரிவு தெளிவாகவே பேசுகிறது. நோய் எத்தகையது, என்ன சிகிச்சை தரப்போகிறார்கள் என்பதை நோயாளிக்கு விளங்கும் மொழியிலும் வடிவத்திலும் சொல்லியாக வேண்டும். "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது சலுகை அல்ல. பக்கத்து வீட்டுக்காரரை மொழிபெயர்க்க அழைத்துப் போகும் பழக்கம் நம்மிடையே உண்டு. குடும்பத்தின் அந்தரங்கம் தெரு முழுக்கப் பரவுவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. மருத்துவமனை ரகசியம் காக்க வேண்டும் என்று 23ஆம் பிரிவு கட்டளையிடுகிறது, அந்தக் கட்டளை பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே தமிழ் தெரிந்த செவிலியரையோ ஊழியரையோ முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

நிம்ஹான்ஸ் ஓசூர் சாலையில் இருக்கிறது, அதன் அவசரப் பிரிவு இரவிலும் இயங்கும். தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்ளும் நிலையில் ஒருவர் இருந்தால் தொலைபேசி ஆலோசனைக்காகக் காத்திராமல் நேராக அங்கே அழைத்துச் செல்ல வேண்டும். ஆம்புலன்ஸுக்கு எண் 108. தற்கொலைக்கு முயன்றவர் என்பதால் போலீஸ் வழக்கு வருமோ என்று பயந்து மறைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டாலொழிய அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 115ஆம் பிரிவு.

ஆனேக்கல், ஹொசகோட்டே போன்ற புறநகர்த் தாலுகாக்களில் இருப்பவர்கள் கர்நாடக அரசின் மனோசைதன்ய திட்டத்தைப் பற்றித் தாலுகா மருத்துவமனையில் விசாரிக்கலாம். மனநல மருத்துவர் செவ்வாய்க்கிழமைகளில் வந்து பார்க்கும் ஏற்பாடு அது. கிளம்புவதற்கு முன்பு அந்த வாரம் மருத்துவர் வருகிறாரா என்று உங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளரான ஆஷாவிடம் கேட்டுக்கொண்டால் ஒருநாள் கூலி மிஞ்சும்.

உரிமை மறுக்கப்பட்டால் 28ஆம் பிரிவின்படி முதலில் அந்த நிலையத்தின் பொறுப்பு மருத்துவ அதிகாரியிடமும், அங்கே தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும், அதற்கும் மேலே மாநில மனநல ஆணையத்திடமும் புகார் செய்யலாம். சட்டம் தந்த உரிமைகளுக்காக வாதாட வழக்கறிஞர் தேவைப்பட்டால், இலவசச் சட்ட உதவிக்கும் நோயாளிக்கு 27ஆம் பிரிவின்கீழ் உரிமை உண்டு. புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.